இல்லத் திருச்சபை: நீ எந்த ஊர்?



‘நீ எந்த ஊர்?’ இதைவிட எளிய கேள்வி நம் நாட்டில் வேறில்லை. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் கேட்பார். கல்லூரி விடுதியில் முதல் நாளன்று அறைத்தோழன் கேட்பான். பெண் பார்க்கப் போன வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். ஆயினும் இக்கேள்விக்கு உண்மையான விடை சொல்ல ஒரு மனிதனுக்குச் சில வேளைகளில் எவ்வளவு துணிவு வேண்டியிருக்கிறது என்பதை, ஒரு ஞாயிறு மாலை நாரணாபுரத்து இளைஞர்களோடு அமர்ந்து திரைப்படம் ஒன்றைப் பார்த்தபோது உணர்ந்தேன். கற்பிக்கலாம் என்று போன நான் கற்றுக்கொண்டு திரும்பினேன். அதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

படத்தின் பெயர் ‘பெர்செபோலிஸ்’. கி.மு. 330-இல் அலெக்சாந்தர் மன்னனின் படைகள் எரித்தழித்த பழம்பெரும் பாரசீகத் தலைநகரின் பெயர் அது. ஈரான் நாட்டில் பிறந்து, பின்பு பிரான்சில் குடியேறிய மர்ஜான் சத்ரபி என்னும் பெண்மணி, தம் இளமை வரலாற்றைச் சித்திரக் கதையாக 2000-ஆம் ஆண்டு முதல் 2003 வரை நான்கு பாகங்களில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பின்னர் வின்சன் பரோனோ என்பவரோடு இணைந்து அதனைக் கார்ட்டூன் படமாக ஆக்கினார். 2007-இல் கான் நகரத் திரைப்பட விழாவில் அப்படத்திற்கு நடுவர் குழுப் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் ஆன படம். ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெகரான் நகரில் வாழும் மர்ஜான் என்ற சிறுமிக்கு, தான் ஒரு தீர்க்கதரிசி ஆகவேண்டும் என்று ஆசை. இரவுதோறும் கடவுளோடு பேசுவாள். 1979-இல் ஷா மன்னரின் ஆட்சி கவிழ்கிறது. விடுதலை வந்துவிட்டதென்று வீடே மகிழ்கிறது. ஆனால் புதிய ஆட்சி பழையதைக் காட்டிலும் கடுமையாய் இறுகுகிறது. சிறுமியின் அன்புக்குரிய அனூஷ் என்ற உறவினர், பழைய ஆட்சியில் சிறையிருந்தவர், புதிய ஆட்சியில் கொல்லப்படுகிறார். 1980-இல் ஈராக்கோடு போர் மூண்டு எட்டாண்டுகள் நீடிக்கிறது. வாயடக்கம் அறியாத மகளுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிய பெற்றோர், பதினான்கு வயதில் அவளைத் தனியே ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அவள் அல்லற்பட்டு, நோயுற்று, மீண்டும் தாயகம் வந்து, அங்கும் ஒட்ட முடியாமல் இறுதியில் பாரிசுக்குப் போய்ச் சேர்கிறாள். இவ்வளவுதான் கதை.

இதைக் காட்டலாமா என்று நான் தயங்கியதை மறைக்கமாட்டேன். மொழியோ பிரெஞ்சு, நாடோ தொலைவு, மதமோ வேறு. சில இடங்களில் பேச்சு முரடாக இருக்கிறது; பத்து வயதுக் குழந்தைகளுக்கு ஏற்ற படமன்று. இப்படத்தைப் பற்றி உலகில் எழுந்த பூசல்களையும் படித்திருந்தேன். 2011 அக்டோபரில் துனிசிய நாட்டுத் தொலைக்காட்சியொன்று இதனை ஒளிபரப்பியபோது, கடவுளை உருவமாகக் காட்டும் காட்சிக்காகக் கலகம் மூண்டது. தொலைக்காட்சி உரிமையாளரின் வீடு தாக்கப்பட்டது. மறு ஆண்டு அவருக்கு நீதிமன்றம் அபராதமும் விதித்தது. 2013-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மூலநூலை வகுப்புகளிலிருந்து எடுக்குமாறு பள்ளிகளுக்கு உத்தரவு வந்தபோது, மாணவர்களே புத்தகத்தைக் கையிலேந்தித் தெருவில் நின்றார்கள். பெரியவர்களை அச்சுறுத்திய ஒன்றை இளையோர் ஏன் இவ்வளவு உரிமையோடு பற்றிக்கொள்கிறார்கள்? இக்கேள்வியே என் தயக்கத்தை வென்றது.

வெள்ளை வேட்டியொன்றைத் திரையாகக் கட்டினோம். கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி ஆங்கில எழுத்துக்களைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினைந்து முதல் இருபத்திரண்டு வயதுவரை ஏறக்குறைய முப்பது பேர். பெரும்பாலோர் பட்டாசுத் தொழிலை நம்பியுள்ள குடும்பத்தவர். பின்வரிசையில் பெரியவர்கள் சிலரும் வந்தமர்ந்தார்கள்.

தொடக்கத்தில் சலசலப்பும் சிரிப்புமாக இருந்தது. முதல் அமைதி எங்கே விழுந்தது தெரியுமா? போரில் குண்டு விழுந்து அண்டை வீடு ஒன்று இடிந்துபோகிறது. இடிபாடுகளுக்கிடையே தன் தோழியின் கைவளையைச் சிறுமி காண்கிறாள். படம் அங்கே ஒரு கணம் இருண்டுவிடுகிறது. நம் கூடத்தில் மூச்சு விடும் ஓசைகூடக் கேட்கவில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போர்க்காட்சி. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கோ அது அறிந்த காட்சி. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இப்பகுதியில் யார் மறப்பார்? வளையலையும் தாலியையும் சேலைத் துண்டையும் பார்த்து அடையாளம் சொன்ன நாட்களை அனுபவித்த மண் இது. படம் முடிந்தபின் ஒரு பையன் இவ்வளவுதான் சொன்னான்: “அந்தப் பிள்ளை கத்தவில்லை, சாமி. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு அம்மா கத்தவில்லை.”

அரசியலைப் பற்றியும் பேசினார்கள். எங்கோ தலைநகரில் எழுதப்படும் ஓர் ஆணை சமையலறை வரையில் வந்து நுழைவதை அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததும், கடைக்காரர் கடன் தர மறுத்ததும் அவர்கள் நினைவில் பசுமையாய் இருக்கின்றன. தீர்ப்பின் காரணங்களையும் அவர்கள் அறிவார்கள். நாட்டு வரலாறு என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் நடப்பதன்று என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022 செப்டம்பரில் முக்காட்டுச் சட்டத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட மாசா அமினி என்ற இளம்பெண் தெகரானில் இறந்ததையும், அதன்பின் ஈரான் முழுவதும் பெண்கள் வீதிக்கு வந்ததையும் பெண்பிள்ளைகளே எடுத்துச் சொன்னார்கள்.

பெரியவர்களின் மனத்தை உறுத்திய காட்சி வேறு. அனூஷ் கொல்லப்பட்ட செய்தி கேட்ட சிறுமி, தன் அறைக்கு வந்த கடவுளைக் கோபித்து வெளியே போகச் சொல்லிவிடுகிறாள். “சாமி, பிள்ளைகளுக்கு இதையா காட்டுவது?” என்று ஒரு தாயார் என்னிடம் வருந்திக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அவர்களுக்கு யோபுவை நினைவூட்டினேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு கடவுளோடு வழக்காடினார். அவருடைய நண்பர்களோ கடவுளுக்காகப் பரிந்து அழகழகாய்ப் பேசினார்கள். முடிவில் ஆண்டவர் கண்டித்தது நண்பர்களை. சரியாகப் பேசியவன் என்று ஏற்றுக்கொண்டது யோபுவை. கடவுளோடு சண்டையிடும் பிள்ளை இன்னும் கடவுளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. அச்சண்டையைக் கேட்டு நாம் காதைப் பொத்திக்கொண்டால், அது நம்மோடு பேசுவதையும் நிறுத்திவிடும். அந்த இழப்புக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

ஆனால் என் உள்ளத்தைத் தைத்தது, இளைஞர்கள் தாங்களாகவே எடுத்துப் பேசிய இரண்டு காட்சிகள். அவ்விரண்டிலும் போரில்லை, அரசனில்லை, குண்டில்லை.

ஒன்று: வியன்னாவில் ஒரு விருந்து. அறிமுகமில்லாத இளைஞன் ஒருவன் மர்ஜானைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்கிறான். ஈரான் என்றால் இகழ்வார்களே என்று கூசி, பிரான்ஸ் என்று சொல்லிவிடுகிறாள். திரும்பும் வழியெல்லாம் அவளுடைய பாட்டியின் குரல் அவளைக் கண்டித்துக்கொண்டே வருகிறது.

இரண்டு: தாயகம் திரும்பிய பிறகு நடப்பது. தடையை மீறி முகத்திற்கு ஒப்பனை செய்துகொண்டு தெருவில் நிற்கிறாள். ஒழுக்கக் காவலர்களின் வண்டி வருகிறது. தான் பிடிபடாமல் தப்புவதற்காக, அங்கே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மனிதன் தன்னிடம் தகாத வார்த்தை பேசினான் என்று அபாண்டமாய்ப் பழி சொல்கிறாள். அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இவளோ அதை வேடிக்கைபோல் பாட்டியிடம் சொல்கிறாள். பேத்தி எது செய்தாலும் சிரிக்கும் அந்தப் பாட்டி அன்று சினந்தெழுகிறாள். நேர்மைக்காகச் சிறை புகுந்த தாத்தாவையும் உயிரிழந்த அனூஷையும் நினைவூட்டி, நீ யாருடைய வழியில் வந்தவள் என்று கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

முதற் காட்சியைப் பற்றி ஒரு பெண் எழுந்து பேசினாள். நம் மாவட்டத்தில் குல்லூர்சந்தை முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2021 வரையில் அகதி முகாம் என்றே அரசும் அழைத்துவந்தது. அப்படியொரு முகாமில் பிறந்து, உறவினர் வழியாக இங்கே வந்திருந்தவள் அவள். “ஊரைக் கேட்டால் நான் எதைச் சொல்வது, ஃபாதர்? இலங்கை என்று சொன்னால், நீ அங்கே போனதே இல்லையே என்கிறார்கள். இந்தியா என்று சொன்னால், அதற்குச் சான்று எங்கே என்கிறார்கள். பாட்டி படகில் வந்தார், அவருக்காவது சொல்ல ஓர் ஊர் இருந்தது” என்றாள். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அவளுக்கு அறிவுரை சொல்ல என்னிடமும் சொல் இருக்கவில்லை. ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாக எகிப்துக்குப் போன திருக்குடும்பத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன். அங்கே மரியன்னையிடம் எத்தனை பேர் இக்கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! ஊரை மறைக்கிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள் அல்லர். மறைக்கும்படி நெருக்குகிற நமக்கும் அதில் பங்கு உண்டு.

கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் மாலை, ஓர் இளைஞன் ஆலய முற்றத்தில் என்னைத் தேடி வந்தான். பாவசங்கீர்த்தனத்திற்காக அன்று, பேசுவதற்காக வந்தான். நான் இங்கே எழுதுவதும் அவன் இசைந்த பிறகே. அவனுடைய தந்தை பட்டாசு ஆலையில் மருந்து அறையில் வேலை செய்கிறவர். அலுமினியப் பொடி எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்களில் வெள்ளிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இவன் வெளியூரில் கல்லூரி விடுதியில் படித்தபோது, தந்தையார் ஒருநாள் முறுக்கும் அதிரசமும் கட்டி எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போயிருக்கிறார். வாசலில் நின்ற தோழர்கள், யார் என்று கேட்டிருக்கிறார்கள். “எங்கள் ஊர்க்காரர், வீட்டிலிருந்து கொடுத்துவிட்டிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டான்.

“அப்பாவுக்குக் கேட்டது, சாமி. பையைக் கொடுத்துவிட்டு, ‘வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள், தம்பி’ என்று ஊர்க்காரர் மாதிரியே சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போனார். நான்கு வருடமாகிறது. கேட்டதாக இன்றுவரை காட்டிக்கொள்ளவில்லை.”

அன்பர்களே! அந்தத் தந்தையின் பெருமையை நான் என்னவென்பேன்! மகனுடைய பொய் அவனைச் சுடாதிருக்கத் தாமே அந்தப் பொய்க்குள் புகுந்துகொண்டார். ஈரானில் புரட்சி நடக்கலாம், போர் நடக்கலாம். அந்த விடுதி வாசலில் நடந்ததும் ஒரு பெரிய வீழ்ச்சிதான். இளைஞன் அதை அறிந்தே இருந்தான். பிரெஞ்சு மொழி பேசும் ஒரு கார்ட்டூன் பெண், நான்காண்டுகளாகப் பூட்டிக்கிடந்த அக்கதவைத் தட்டித் திறந்துவிட்டாள்.

இராயப்பரை எண்ணிப் பாருங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில், கரி நெருப்பின் அருகே, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு அவரால் நிற்க முடியவில்லை. கலிலேயாவின் பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது. அவரோ ஊரையும் மறுத்தார், ஆண்டவரையும் மறுத்தார். சேவல் கூவிற்று, அழுதார். கதை அத்துடன் முடியவில்லை. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மீண்டும் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ‘ஏன் மறுதலித்தாய்?’ என்று கேட்கவில்லை. அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்டார். மும்முறை மறுத்த வாய்க்கு மும்முறை ஏற்க வாய்ப்பளித்தார்.

அப்படத்திலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. இறுதிக் காட்சியில் பாரிஸ் நகரத்து வாடகைக் காரில் மர்ஜான் போய்க்கொண்டிருக்கிறாள். ஓட்டுநர் எந்த நாடு என்று கேட்கிறார். ஈரான் என்கிறாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு முழு இளமை செலவாயிருக்கிறது. அவளைத் திருத்தியது யார்? சட்டமன்று, காவலருமன்று. நாள்தோறும் காலையில் மல்லிகைப் பூக்களைப் பறித்து மார்போடு வைத்துக்கொள்ளும் ஒரு பாட்டி. வியன்னாவுக்குப் புறப்படும் முன்னிரவில், பேத்தியைத் தன்னருகே படுக்கவைத்து, பிறர் தீங்கு செய்தாலும் வன்மம் வைக்காதே, தன்மானத்தை விடாதே, உனக்கு நீ உண்மையாயிரு என்று அவள் சொல்லியனுப்பினாள். எல்லா நிலையிலும் துணை நின்ற அவள், அநியாயமாய் ஒருவனைக் காட்டிக்கொடுத்தபோது மட்டும் சிரிக்க மறுத்தாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தும், சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்காமலும் இருந்த காரணத்தால்தான் அவள் குரல் கடல் கடந்தும் பேத்தியின் காதில் ஒலித்தது.

பெற்றோரே, பாட்டன் பாட்டிமாரே! உங்கள் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். போகும் நாளில் பெட்டியில் ஊறுகாய் வைக்கிறோம், செபமாலை வைக்கிறோம், நல்லதே. அவர்கள் காதில் எந்தச் சொல்லை வைத்து அனுப்புகிறோம்? ‘எப்படியாவது பிழைத்துக்கொள்’ என்ற சொல்லையா? அச்சொல்லை நம்பிப் போகும் பிள்ளை, தான் தப்ப ஒருநாள் இன்னொருவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்து, அதை வேடிக்கையாக நம்மிடமே சொல்லும். அலுவலகத்தில் தன் பிழையைக் கடைநிலை ஊழியன் தலையில் கட்டியதைக் கெட்டிக்காரத்தனமாக விவரிக்கும் மகனைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோமா, முகத்தைத் திருப்பியிருக்கிறோமா?

இன்னொன்றும் சொல்வேன். உங்கள் உழைப்பின் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நாம் பட்ட பாடு பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று அன்பினால் மறைக்கிறோம். மறைக்கப்பட்டதை வெட்கத்திற்குரியது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். நகக்கண்ணில் வெள்ளி ஏறிய கைகளால்தான் கல்லூரிக் கட்டணம் வந்தது என்பதைத் தெரிந்த பிள்ளை, அக்கைகளை வாசலில் நிறுத்தி அந்நியமாக்காது.

இம்மாதம் ஒருநாள் இரவுச் செபமாலை முடிந்தபின், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எதனால் வந்தோம், எங்கே தலைகுனிந்தோம், எங்கே குனிய மறுத்தோம் என்று பிள்ளைகள் கேட்கட்டும். பிறகு பிள்ளைகளைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். அவர்கள் கடவுளோடு சண்டையிட்டால் பதறவேண்டாம்.

அந்த இளைஞனிடம், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடு என்று மட்டும் சொன்னேன். சொன்னானா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவன் வந்திருந்தான். புதிதாக வந்த நண்பன் ஒருவனும் உடன் வந்திருந்தான். திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வரும்போது, வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற ஒருவரைக் கைபிடித்து அழைத்துவந்து நண்பன் முன் நிறுத்தினான். என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் சட்டென்று தம் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டதையும், மகன் அவற்றைப் பிடித்து முன்னால் கொண்டுவந்ததையும் பார்த்தேன்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.